மகளுக்கு ஸ்பிதியில் கட்டாயக் கள முகாம்: போய்வந்தவர்கள், அனுப்பியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

கோரையாறு (மன்னார்குடி பக்கம்)

வணக்கம். மகள் எம்.எஸ்சி. ஜியாலஜி படிக்கிறாள். வருகிற ஜூன் மாதம் இமாச்சலப் பிரதேசத்தில் ஸ்பிதி பள்ளத்தாக்கில் மூன்று வாரம் கள முகாம். இஷ்டப்பட்டால் போகலாம் என்கிற சுற்றுலா இல்லை. பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, வரைபடம் போட்டு அறிக்கை கொடுத்து வாய்மொழித் தேர்வும் முடித்தால்தான் பட்டம். சம்மதக் கடிதத்தில் பெற்றோர் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசி வரை நேரம்.

எங்கள் பக்கம் வரப்பை விட உயரமானது கோயில் கோபுரமும் செல்போன் டவரும்தான். ஒரு கல் வேண்டுமென்றால் லாரியில்தான் வரவேண்டும். இந்த மண்ணில் வளர்ந்த பெண்ணைப் பன்னிரண்டாயிரம் அடி உயரத்துக்கு அனுப்பு என்கிறார்கள். அவள் அம்மா ஒரேயடியாக வேண்டாம் என்கிறாள். எனக்கு அப்படிச் சொல்லவும் மனசில்லை, சரி என்று கையெழுத்துப் போடவும் துணிச்சல் வரவில்லை. கூடவே போய் வரலாமா என்று பார்த்தால், மேட்டூர் ஜூன் 12 திறந்துவிட்டால் குறுவைக்கு நாற்றங்கால் வேலை. துறையில் போய் எதைக் கேட்பது என்றாவது சொல்லுங்கள்.

மேலவீதி (தஞ்சாவூர்)

அண்ணே, கூடவே போகிற யோசனையை முதலில் விடுங்கள். எம்.எஸ்சி. படிக்கிற பெண் முகாமுக்கு அப்பா குடையோடு வந்து நின்றால் அவள் மலையிலிருந்தே குதித்துவிடுவாள்.

அறுபதாம்படி (கும்பகோணம்)

நம்ம ஊர்க்காரனுக்கு மலை என்றால் சுவாமிமலை. அதுவும் கட்டுமலை, அறுபது படி, வருஷத்துக்கு ஒன்று. பிரபவ படியில் ஆரம்பித்து அக்ஷய படியில் முடிப்பதற்குள் நடுவில் இரண்டு தடவை உட்காருகிறவன் நான். ஆகவே ஆலோசனை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இழையைப் பின்தொடர்கிறேன்.

கொள்ளிடத்தான்

நான் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஜியாலஜி படித்துவிட்டு இந்தப் பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போகிறார்கள்? எண்ணெய்க் கம்பெனிக்கு. அப்புறம் நம் வயலிலேயே குழாய் இறக்க வந்து நிற்பார்கள். கதிராமங்கலமும் நெடுவாசலும் 2017-இல் எவ்வளவு அல்லாடின? 2020-இல் வேளாண் மண்டலச் சட்டம் வருகிற வரைக்கும் தூங்கினோமா? இதற்கு இமயமலை வரை போய்ப் பயிற்சி வேறா?

நெறியாளர்

கொள்ளிடத்தான், உங்கள் கேள்விக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ஒரு தகப்பன் கேட்டதற்குப் பதில் வரட்டும்.

வெள்ளைத்தொப்பி (நாகப்பட்டினம்)

கோரையாறு அண்ணா, நான் செவிலியர். வடக்கே மலைப்பகுதியில் ஒரு ராணுவ மருத்துவமனையில் வருடக்கணக்காக வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

துறையில் போய் "பாதுகாப்பாக இருக்குமா சார்?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் இருக்கும் என்றுதான் சொல்வார்கள். ஒரு தாளை நீட்டி, "எந்த ராத்திரி எந்த ஊரில் தூங்குகிறார்கள், அந்த ஊர் எத்தனை மீட்டர் உயரம், எழுதிக்கொடுங்கள்" என்று கேளுங்கள். மலை நோய் வருமா வராதா என்பதில் பாதிக்கு மேல் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

விஷயம் இதுதான். 2,500 மீட்டருக்கு மேல் போனால் யாருக்கும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸா ஏறத்தாழ 3,700 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன் நாகப்பட்டினத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. உடம்பு அதற்குப் பழகும், ஆனால் நாள் எடுக்கும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்குகிற உயரம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் இருக்க வேண்டும். பகலில் இன்னும் உயரம் போய்விட்டுக் கீழே வந்து தூங்கலாம், தப்பில்லை. தூங்குகிற இடம்தான் கணக்கு.

உடற்கட்டு இதற்கு உத்தரவாதம் இல்லை. கபடி விளையாடுகிற பையன் சுருண்டு படுப்பான், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர் அங்கே நன்றாக இருப்பார். தைரியசாலிப் பையன்கள்தான் பெரும்பாலும் மாட்டுவார்கள், தலைவலியை வெளியே சொல்லமாட்டார்கள்.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது: ஒரு பிள்ளைக்கு முடியவில்லை என்றால் கீழே இறக்குவது என்று யார் முடிவெடுப்பார், எந்த வண்டியில்? முகாம் முழுக்க ஒரு வண்டி கையிலேயே நிற்கிறதா? தலைவலியோடு தள்ளாட்டம், பேச்சுக் குழறல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், நுரையோடு இருமல், இவை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. உடனே இறங்க வேண்டும். ஆக்சிஜனும் மருந்தும் நேரம் வாங்கித்தரும், வைத்தியம் இறங்குவதுதான்.

மாத்திரை: அசெட்டசோலமைடு என்று ஒன்று உண்டு, கடையில் டயமாக்ஸ் என்பார்கள். ஏறுவதற்கு முதல் நாளே தொடங்குவது வழக்கம். விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கண்டிப்பாக மருத்துவரிடம் சொல்லவேண்டும். டாக்டர் எழுதிக்கொடுக்காமல் தோழி கொடுத்தாள் என்று போடக்கூடாது.

இன்னொன்று, இப்போதே ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு 9, 10 என்று இருப்பது சகஜம், வீட்டில் யாருக்கும் தெரியாது. குறைவாக இருந்தால் ஜூனுக்குள் தேற்ற நேரம் இருக்கிறது.

மேலவீதி

அக்கா, கற்பூரத்தை முடிச்சுப்போட்டு முகர்ந்துகொண்டே போனால் சரியாகிவிடும் என்கிறார்களே? கைலாச யாத்திரை போன எங்கள் பெரியப்பா சொன்னார்.

வெள்ளைத்தொப்பி

மூக்கு திறந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. முகர்ந்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று இன்னும் மேலே ஏறுவார்கள் பாருங்கள், அதுதான் ஆபத்து.

பழையசுத்தியல் (கும்பகோணம்)

நிலவியல் ஆய்வில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவத்தை அம்மணி சொல்லிவிட்டார். எதற்காகப் போகவேண்டும் என்பதை நான் சொல்கிறேன்; கொள்ளிடத்தானுக்கும் அதில் பதில் இருக்கிறது. நெறியாளர் மன்னிக்கவும்.

நம் வயலுக்குக் கீழே என்ன இருக்கிறது? மேலே காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல். அதற்கும் கீழே ஆயிரக்கணக்கான மீட்டருக்குக் கடலில் படிந்த பாறை. அது நம் கண்ணுக்குத் தெரிவது வடமேற்கே அரியலூர், பெரம்பலூர் பக்கம்தான். காரை கிராமத்துச் செம்மண் பள்ளங்களில் நடந்தால் பத்துக் கோடி வருஷத்துக்கு முந்தைய அம்மோனைட் சுருள்கள், அதாவது அழிந்துபோன ஒரு கடல் உயிரின் கல்லான ஓடுகள், காலில் தட்டும். அங்கே தலைகாட்டுகிற அந்த அடுக்குகள் கிழக்கு, தென்கிழக்காக மெதுவாகச் சாய்ந்து நம் டெல்டாவுக்குக் கீழே புகுந்துவிடுகின்றன. சாய்மானம் எவ்வளவு, எந்தத் திசையில், எங்கே முறிந்திருக்கிறது என்று வெளியே தெரிகிற இடத்தில் அளக்கத் தெரிந்தவன்தான் மண்ணுக்குள் மறைந்திருப்பதைச் சொல்லமுடியும். எண்ணெய் தேடுகிறவனுக்கு அது வேண்டும், சரி. வேதாரண்யம் பக்கம் எந்த ஆழம் வரைக்கும் போர் போட்டால் உப்புத் தண்ணீர் வராது என்று சொல்கிறவனுக்கும் அதே படிப்புதான் வேண்டும். கம்பெனிக்காரன் அறிக்கையைப் படித்து, இந்த இடத்தில் பொய் சொல்கிறாய் என்று சொல்லவும் நமக்கு ஒரு ஜியாலஜிஸ்ட் வேண்டாமா?

ஸ்பிதி எதற்கு, ஏற்காடு போதாதா என்று கேட்பீர்கள். ஏற்காட்டில் மரமும் காப்பித் தோட்டமும் மூடியிருக்கும். பாறையும் வேறு ஜாதி, உருமாறிய பழங்கல். ஸ்பிதி மழை எட்டாத குளிர்ப் பாலைவனம். மரம் கிடையாது. ஐம்பது கோடி ஆண்டுக் கடல் படிவுகள் அடுக்கு அடுக்காக மடிந்தும் முறிந்தும் நிர்வாணமாக நிற்கும். அங்கே 'பின்' என்கிற பெயருள்ள பள்ளத்தாக்கில் முத் என்று ஒரு கிராமம். அதன் பெயரிலேயே அழைக்கப்படுகிற வெள்ளைக் குவார்ட்சைட் பாறை சுவர் மாதிரி எழுந்திருக்கும். அதே பள்ளத்தாக்கில் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உயிர்களில் பெரும்பகுதி அழிந்துபோன காலத்தின் எல்லை, துருப்பிடித்த நிறத்தில் கையளவு அடுக்காகத் தெரியும். அதில் கை வைத்துப் பார்க்கிற வாய்ப்பு உலகத்தில் எத்தனை மாணவர்களுக்குக் கிடைக்கும்?

நம் ஊருக்கும் ஸ்பிதிக்கும் ஒரு மனிதரின் தொடர்பு உண்டு. ஃபெர்டினாண்ட் ஸ்டாலிச்கா. இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். 1862-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, நம் அரியலூர், திருச்சிப் பகுதிப் புதைபடிவங்களை வகைப்படுத்திப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதியவர். அவரேதான் 1860-களில் ஸ்பிதிக்குப் போய் முத் உட்பட அங்குள்ள பாறைத் தொகுதிகளுக்குப் பெயர் வைத்தவரும். 1874 ஜூனில் யார்க்கண்ட் பயணத்திலிருந்து கரகோரம் கணவாயைத் தாண்டித் திரும்பும் வழியில் முப்பத்தாறு வயதில் இறந்தார். உயர்மலை நோய் என்றே கருதப்படுகிறது. லே நகரத்தில் நினைவுத்தூண் இருக்கிறது.

கோரையாறு

ஐயா, தைரியம் சொல்வீர்கள் என்று படித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் செத்தவர் கதையில் கொண்டுபோய் விட்டீர்களே! இந்தப் பதிவை என் மனைவி கண்ணில் காட்டமுடியாது.

பழையசுத்தியல்

அவர் காலத்தில் இந்த நோய் என்னவென்றே வைத்தியத்துக்குப் பிடிபடவில்லை. இன்றைக்கு நாகப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு நர்ஸம்மா ராத்திரிக் கணக்கு சொல்கிறார். அதுதான் வித்தியாசம்.

மாயூரத்துமல்லி

இதே படிப்பு, இதே மாதிரி முகாம், சில வருடங்களுக்கு முன் போய் வந்தவள் நான். கல்லூரி பெயர் வேண்டாம். எங்களை மணாலி வழியாக ஏற்றினார்கள், அது தூரம் குறைவு என்பதால். மணாலி 2,050 மீட்டர். அங்கே ஒரு ராத்திரி. மறுநாள் நாலாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேலே இருக்கிற குன்சும் கணவாயைத் தாண்டி அன்று சாயந்திரமே காஸா. மறுநாள் காலையில் வகுப்பில் பாதிப்பேர் எழுந்திருக்கவில்லை. வாந்தி வராத ஆள் நானும் இன்னும் சிலரும். அதில் ஒரு நாள் வீணாகவில்லை, மூன்று நாள் வீணானது. வெள்ளைத்தொப்பி அக்கா சொன்ன தாளை அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிம்லா, கின்னௌர் வழி நீளம். ஆனால் படிப்படியாக ஏறும்.

அம்மாக்கள் வாய்விட்டுக் கேட்காத விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை: தங்குகிற வீடுகளில் சில இடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கழிப்பறை, சில இடத்தில் உலர் கழிப்பறை. குழிக்கு மேல் பலகை. போனபின் ஒரு மண்வெட்டி மண்ணோ சாம்பலோ தள்ளவேண்டும். நாற்றம் நினைக்கிற அளவு இல்லை. களத்தில் பகல் முழுக்க மறைவிடம் கிடையாது, மரமே இல்லாத ஊர். நாங்கள் ஒரு பெரிய துப்பட்டாவை இரண்டு பேர் பிடித்துக்கொள்வோம். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்த தோழிக்குத்தான் சிறுநீர்த்தொற்று வந்தது. மாதவிலக்கு நாள் உயரத்தில் முன்னே பின்னே ஆகலாம், எனவே கணக்குப் பார்க்காமல் நாப்கின் முழுதும் எடுத்துப்போக வேண்டும். உபயோகித்ததைக் கட்டி பையிலேயே வைத்துக் கீழே கொண்டுவர வேண்டும். உடன் வருகிற ஆசிரியர்களில் ஒருவராவது பெண்ணா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேண்டும் என்று கேளுங்கள்.

உடுப்பு பற்றி எல்லாரும் சொல்வார்கள், நான் செருப்பு பற்றி மட்டும் சொல்கிறேன். கணுக்காலை மூடுகிற பூட்ஸ், இப்போதே வாங்கி தினமும் போட்டு நடக்கவேண்டும், மன்னார்குடி வெயிலில் ஊர் சிரித்தாலும் சரி. புதுப் பூட்ஸோடு மலைக்கு வந்தவர்கள் முதல் நாளே குதிகாலில் கொப்புளத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். கால் நகத்தை ஒட்ட வெட்டவும். இறக்கத்தில் பெருவிரல் முன்னால் போய் இடித்து நகம் கறுத்துப்போகும்.

அப்புறம், தண்ணீர். நாம் ஆற்றோரத்தில் பிறந்தவர்கள், ஓடையைப் பார்த்துப் பயப்படமாட்டோம். அங்கே அதுதான் பிரச்சினை. காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடுகிற ஓடை மத்தியானத்துக்கு மேல் பனி உருகி வந்து இடுப்புக்கு ஏறிவிடும், மேட்டூரும் இல்லை முறைவைக்கிற ஆளும் இல்லை. தண்ணீர் சாம்பல் நிறம், அடியில் என்ன இருக்கிறதென்றே தெரியாது, உருளும் கற்களின் சத்தம் மட்டும் கேட்கும். காலையில் தாண்டிய இடத்தில் மாலையில் தாண்டமுடியாது. எங்கள் குழு ஒரு தடவை அக்கரையில் மாட்டிப் பாலம் இருக்கும் இடம் வரை இருட்டில் நடந்தது. நீச்சல் தெரியும் என்பதெல்லாம் அந்தத் தண்ணீரில் செல்லாது.

ஆடுதுறை43

எல்லாரும் உயரத்தையே பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால் சாலைதான் பயம். கின்னௌரில் 2021 ஜூலையிலும் ஆகஸ்டிலும் மலை சரிந்து வண்டிகளில் போன ஆட்கள் செத்தார்களே, சிம்லா வழி அந்தக் கின்னௌருக்குள்ளேதான் போகிறது. தலைவலிக்கு மாத்திரை இருக்கிறது, தலையில் பாறை விழுந்தால்?

மாயூரத்துமல்லி

நியாயமான பயம். அந்த இரண்டும் மழைக்காலத்தில் நடந்தவை. இமாச்சலத்துக்குத் தென்மேற்குப் பருவமழை ஜூன் கடைசி வாரத்தில் எட்டும். எனவே முகாம் எப்போது முடிகிறது என்பது முக்கியம். ஜூன் முதல் வாரமே கிளம்பி மழை பிடிப்பதற்குள் கீழே வந்துவிட்டால் ஆபத்து குறையும். ராத்திரி ஓட்டம் கூடாது என்று எழுதி வாங்குங்கள். தாமதமாகிவிட்டது, இருட்டினாலும் பரவாயில்லை, போய்விடலாம் என்று டிரைவரை அவசரப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் நம்மோடு வருகிற ஆசிரியர்கள்தான்.

அறுபதாம்படி

ஒரு முக்கியமான கேள்வி விட்டுப்போகிறது. சோறு?

மாயூரத்துமல்லி

அந்த உயரத்தில் தண்ணீர் 87, 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதாரணப் பாத்திரத்தில் சோறு வைத்தால் நடுவில் பருக்கை நிற்கும். குக்கர் இருந்தால் பிரச்சினை இல்லை, சமையல்காரர் குக்கர் கொண்டுவருகிறாரா பாருங்கள். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எடுத்துப்போனால் நீங்கள்தான் வகுப்பிலேயே செல்வாக்கான ஆள். முதல் இரண்டு நாள் பசியே இருக்காது, கட்டாயப்படுத்தியாவது சாப்பிடவேண்டும். பில்டர் காப்பி பற்றிக் கேட்காதீர்கள், டிகாக்ஷன் இறங்கவே இறங்காத சோகம் அது.

பாறைக்கிளி

எல்லாருக்கும் வணக்கம். அப்பா, நானும் இந்த மன்றத்தில் உறுப்பினர்தான். "மன்னார்குடி பக்கம், மகள் ஜியாலஜி, அம்மா வேண்டாம் என்கிறாள்" என்று படித்ததுமே தெரிந்துவிட்டது.

கோரையாறு

சாப்பிட்டாயா? போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், இங்கே வந்து பேசுகிறாய்.

பாறைக்கிளி

வகுப்பில் இருந்தேன் அப்பா. எல்லாரும் சொன்னதைப் படித்தேன். பூட்ஸ் வாங்கிவிட்டேன், விடுதி மொட்டைமாடியில் போட்டு நடக்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு உயரம், சாலை எதுவும் பயமில்லை. காம்பஸ் வைத்து ஸ்ட்ரைக், டிப் எடுப்பதில் நான் மெதுவு. அரியலூரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனபோது மற்றவர்கள் ஐந்து அளவு எடுக்கிற நேரத்தில் நான் இரண்டுதான் எடுத்தேன். அங்கே ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுவார்கள், என்னால் என் ஜோடியின் வரைபடமும் கெட்டுப்போகும் என்றுதான் யோசனை.

பழையசுத்தியல்

குழந்தை, அது ஒரு பெரிய விஷயமில்லை. உங்கள் வீட்டில் பழைய ஓட்டு வீடு இருக்கிறதா? தாழ்வாரத்து ஓட்டில் தண்ணீர் ஊற்று. அது ஓடுகிற திசையும் சரிவும் டிப். அதற்குக் குறுக்கே முகட்டு வாக்கில் மட்டமாகப் போகிற கோடு ஸ்ட்ரைக். காம்பஸைத் தொடுவதற்கு முன், ஓட்டைப் பார்க்கிற மாதிரி பாறையைப் பார்த்து உத்தேசமாக "தென்கிழக்கே முப்பது டிகிரி" என்று வாயால் சொல்லிவிடு. பிறகு அளந்து பார். உத்தேசமும் அளவும் ரொம்ப விலகினால் காம்பஸைத் தலைகீழாகப் படித்திருப்பாய், அல்லது சுத்தியலைப் பக்கத்திலேயே வைத்திருப்பாய். இரும்பு முள்ளை இழுத்துவிடும். ஊரில் இருக்கிறபோதே சாய்ந்த பலகை, மதகுச் சுவர், கொட்டகைக் கூரை எது கிடைத்தாலும் அளந்து பழகு. அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று விடாதே. அந்த உயரத்தில் முதல் சில நாள் கூட்டல் கணக்கே தடுமாறும்.

எண்ணெல்லாம் பென்சிலில், அன்றன்றைக்கே நோட்டில். ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்றால் எந்தப் பாறை எது என்று மறந்துவிடும். கீழே ஒருவர் நிற்கும்போது மேலே சுத்தியல் போடாதே. கண்ணாடி இல்லாமல் சுத்தியலே தொடாதே.

கொள்ளிடத்தான்

தங்கச்சி, நான் முதலில் கேட்டது உன்னைக் குறித்து இல்லை. பெரியவர் சொன்ன உப்புத் தண்ணீர் விஷயம் யோசிக்க வைத்தது. எங்கள் பக்கம் கொள்ளிடத்தில் கடல் தண்ணீர் ஏறி ஏறி போரெல்லாம் கரிக்கிறது. படித்து முடித்துவிட்டு அந்தப் பக்கம் ஒரு தடவை வந்து பார். குழாய் இறக்குகிற வேலைக்கு மட்டும் வந்தால் பழைய சண்டை பழையபடிதான்.

பாறைக்கிளி

கட்டாயம் வருகிறேன் அண்ணா. என் அறிக்கைக்கு நிலத்தடி நீர்தான் எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

வெள்ளைத்தொப்பி அக்கா, நீங்கள் சொன்ன தாளைத் துறையிலிருந்து வாங்கிவிட்டேன். டெல்லியிலிருந்து சிம்லா, 2,200 மீட்டர், ஒரு ராத்திரி. அடுத்து ரெக்காங் பியோ, 2,290. அடுத்த ராத்திரி நாக்கோ, 3,600. அடுத்து தாபோ, 3,280. அப்புறம் காஸா. அங்கிருந்து முத், 3,800 சுமார். லாங்சா 4,400, பகலில் மட்டும் போய்வருவது. வண்டி இரண்டும் முகாம் முடிகிற வரை எங்களோடேயே நிற்கும். இரண்டு மேடம் வருகிறார்கள்.

வெள்ளைத்தொப்பி

நல்ல திட்டம்தான், ஒரே ஒரு ராத்திரி உதைக்கிறது. பியோவிலிருந்து நாக்கோ ஒரே நாளில் 1,300 மீட்டர் ஏற்றம், அதுவும் தூங்குகிற இடம். பியோவுக்கு மேலேயே கல்பா என்று ஊர் இருக்கிறது, 2,900-க்குச் சற்று மேல். பியோவில் தங்காமல் கல்பாவில் இரண்டு ராத்திரி தங்கட்டும். அங்கிருந்து நாக்கோவில் நிற்காமல் நேராக தாபோ போய்விடலாம். ஒரு முழுப் பகல் பயணம். 2,900, 3,280, 3,700, 3,800. இப்படி ஏறினால் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாரிடம் மரியாதையாகக் கேட்டுப் பார்.

பழையசுத்தியல்

கல்பாவில் ஒரு நாள் சும்மா உட்காரவேண்டியதும் இல்லை. அந்தப் பக்கமெல்லாம் உயர் இமாலயத்துப் படிகப் பாறைகள். சாலை ஓரத்திலேயே நைஸ் (gneiss), கிரானைட் என்று பாறைகளைக் காட்டலாம், ஏறாமல் இறங்காமல். நாள் வீணாகிறது என்று சார் யோசித்தால் இதைச் சொல்.

பாறைக்கிளி

சார் சம்மதித்துவிட்டார்! "இதை யார் உனக்குச் சொன்னது?" என்று கேட்டார், நாகப்பட்டினத்திலிருந்து ஒரு அக்கா என்றேன். ஆனால் திட்டத்தை மாற்றியதில் லாங்சா போவது கிடையாது என்கிறார். அங்கேதான் ஸ்பிதி ஷேல் என்கிற களிப்பாறையில் அம்மோனைட் நன்றாகக் கிடைக்குமாம். கொஞ்சம் வருத்தம்.

அறுபதாம்படி

அம்மோனைட் என்றால் நம் வீட்டுப் பூஜையில் இருக்கிற சாளக்கிராமம்தானே? எங்கள் பாட்டிக்கு ஒன்று பொறுக்கிக்கொண்டு வரமுடியுமா என்று கேட்க நினைத்தேன், போச்சு.

பழையசுத்தியல்

அதேதான். கண்டகி நதியில் வருவதும் அந்தப் பழைய கடலின் கறுப்புக் களிப்பாறைக்குள் இருந்த அம்மோனைட்தான். ஆனால் லாங்சா போனாலும் எடுத்துக்கொண்டு வரக்கூடாது ஐயா. ஆளுக்கு ஒன்று என்று வருகிறவர்கள் எல்லாரும் அள்ளியதில் அங்கே குறைந்துகொண்டே போகிறது. படம் எடுத்து, அளவு எழுதி, இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். குழந்தை, லாங்சா இல்லையென்றால் பரவாயில்லை. முத் பார்க்கிறாய் அல்லவா, ஒரு நிலவியல்காரனுக்கு அதுதான் பெரிது. அம்மோனைட்டுக்குக் காரை இருக்கிறது, பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம்.

மேலவீதி

கோரையாறு அண்ணே, இவ்வளவு பேர் பேசியாகிவிட்டது. கையெழுத்து?

கோரையாறு

நேற்று ராத்திரி வெள்ளைத்தொப்பி அம்மா எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஸ்டாலிச்கா பகுதியைத் தாண்டிவிட்டேன். அவள் அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "ரத்தத்தை முதலில் பார்க்கச் சொல்லு" என்றாள். பார்த்தாயிற்று, 10.4. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார், முருங்கைக்கீரை இனிமேல் தினமும். கிளம்புவதற்குள் மறுபடி பார்த்து 12-ஐத் தொட்டால் கையெழுத்து என்று இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறோம். துறையில் பேசி அதுவரை கெடுவும் வாங்கிவிட்டேன். உன் பெட்டியில் என்னென்ன வைக்கவேண்டும் என்று பட்டியல் கொடு, மன்னார்குடியில் கிடைக்காததைத் திருச்சியில் வாங்கலாம்.

பாறைக்கிளி

காம்பஸ், சுத்தியல், பத்து மடங்கு லென்ஸ் எல்லாம் துறையிலேயே கொடுக்கிறார்கள் அப்பா. கம்பளி உள்ளாடை, கையுறை, கறுப்புக் கண்ணாடி, டார்ச் வேண்டும். சுண்ணாம்புக்கல்லில் நுரைக்கிறதா என்று பார்க்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும், அதை எப்படிக் கொண்டுபோவது என்றுதான் தெரியவில்லை.

பழையசுத்தியல்

அமிலத்தை ரயிலில் ஏற்றாதே, பிடித்தால் வம்பு, கொட்டினால் அதைவிட வம்பு. துறையில் சொல்லி, இமாச்சலம் போனபின் அங்கேயே வாங்கிச் சிறு சொட்டுப் புட்டிகளில் ஊற்றச் சொல். ஜோடிக்கு ஒன்று போதும். மூடியை மேலே பார்த்தபடி பையின் வெளிப்பக்கத்தில் வை, துணியோடு வைக்காதே.

வெள்ளைத்தொப்பி

பாறைக்கிளி, 10.4-இலிருந்து 12 என்றால் மாத்திரையைத் தவறாமல் போடவேண்டும். சாப்பிட்டவுடன் காப்பி குடித்தால் சத்து உடம்பில் சரியாக ஏறாது. இதைக் கும்பகோணத்துக்காரர்கள் முன்னால் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது.